கடைசி ஆறு இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் வந்த சதுரங்கப் பலகைக் கதையை என் பேத்தி உரக்கப் படித்தாள். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போகும் கதை. மொத்தம் 18446744073709600000 என்று அச்சாகியிருந்தது. கடைசி ஆறு இலக்கங்கள் தவறு. சரியான எண் 18446744073709551615. கணக்குப் போடும் மென்பொருள்கள் சில, 15 இலக்கங்களுக்கு மேல் பூஜ்யங்களை நிரப்பிவிடும். பிழை அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய எண்ணில் 48,385 மணிகள் கூடினால் என்ன என்று கேட்கலாம். களஞ்சியத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. எண்ணுக்கோ அதன் உயிரே போய்விடுகிறது. சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும், 3-ஆல் வகுபடும். அச்சான எண்ணுக்கு 70, வகுபடாது. அந்த 3-இல்தான் எல்லாமே தொடங்குகிறது.

முதல் இரண்டு கட்டங்களில் மொத்தம் 3 மணிகள். நான்கு கட்டங்களில் 15, அதாவது 3 × 5. எட்டில் 255, அது 3 × 5 × 17. பதினாறில் 65,535, புதிதாக 257 சேர்கிறது. பாதிப் பலகை நிரம்பும்போது 4,29,49,67,295. இப்போது 65,537 சேர்கிறது. கட்டங்களை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புதிய பகா எண் வந்து பெருக்கலில் அமர்ந்துகொள்கிறது. இதை முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முழுப் பலகைக்கு, பாதிப் பலகையின் தொகையை 4,29,49,67,297-ஆல் பெருக்க வேண்டும். 3, 5, 17, 257, 65,537 என்று போகும் இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். அப்படியில்லை, 4,29,49,67,297 என்பது 641 × 6700417 என்று 1732-இல் காட்டியவர் இன்னொரு கணித மேதையான ஆய்லர். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அத்தகைய பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577 நான்கும் மீதி விடும். ஐந்தாவதான 641 மீதியின்றி வகுக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை நோட்டின் ஒரு பக்கத்துக்குள் இதைச் செய்துவிடலாம். ஆக, கடைசி இரட்டிப்பில் மட்டும் இரண்டு பகா எண்கள் நுழைகின்றன. ஃபெர்மாவின் வரிசையில் 65,537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

திருத்தம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து ஏதோ ஒரு மூலையில் ஒற்றை வரியாகப் போடாதீர்கள். அதே சிறுவர் பக்கத்தில் இருபது இலக்கங்களையும் பெரிதாக அச்சிட்டு, கீழே 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு காரணிகளையும் கொடுங்கள். பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கக் கொஞ்சம் வெற்றிடமும் விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்.