கைத்தடியும் காலடிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் முதியவர்கள் பலரின் மணிக்கட்டில், பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் காண்கிறேன். 72 வயதான நானும் அவர்களில் ஒருவன். அக்கருவி காலடிகளை நேரடியாக எண்ணுவதில்லை. கையின் அசைவை உணர்ந்து, அதிலிருந்தே காலடிகளைக் கணிக்கிறது. ஆகவே மெல்ல நடப்பவர், கைத்தடி ஊன்றுபவர், வாக்கரைப் பிடித்துச் செல்பவர் ஆகியோரின் காலடிகளில் கணிசமானவை கணக்கில் சேராமல் போகக்கூடும். (சந்தையிலிருந்து கனத்த பையுடன் திரும்பும்போது எனக்கும் இதே கதைதான்.) இதயத்துடிப்பைக் கொண்டு பயிற்சியின் கடுமையை மதிப்பிடும்போதும், பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) மாத்திரை உட்கொள்பவருக்குத் துடிப்பு அதிகம் ஏறாது என்பதால், மூச்சு வாங்க நடந்த நடையும் இலேசான நடையாகவே பதிவாகலாம்.

65 வயதைக் கடந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், 3 நாள்களாவது சமநிலையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. கீழே விழாமல் காப்பதற்காக ஒற்றைக் காலில் நின்று பழகுவதோ இக்கருவிக்குச் சும்மா நிற்பதுதான்.

முதியோர்க்கான மருத்துவ முகாம்களில், இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் மருத்துவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.