டப்பாவில் வந்த செடிகளுக்கு முதல் ஒரு மாதம்

அன்பு மகளுக்கு,

மீன்தொட்டிக்கு அனுபியாஸ் நானா, கிரிப்டோகோரைன் வென்டி, ஜாவா ஃபெர்ன் என்ற மூன்று நீர்ச்செடிகளையும் திசு வளர்ப்பு டப்பாக்களாக, அதாவது ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்து மூடி விற்பவையாக, வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல தேர்வுதான்மா. குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் தேவைப்படாது. கிருமி நீக்கிய டப்பாவில் வளர்ந்தவை என்பதால் நத்தை, பாசி, பூச்சிமருந்து எதுவும் கூடவே வராது. நீ இறால் விடப்போகிறாய் என்பதால் இது முக்கியம். மருந்தடித்த செடியை அலசாமல் வைத்தால் முதலில் சாவது இறால்தான்.

தொட்டி தயாரான பிறகே டப்பாவைத் திற. உள்ளே எப்போதும் ஈரக்காற்றிலேயே இருந்த இலைகள் அவை, மெழுகுப் படலம் மிக மெலிசு. வெளியில் சில நிமிடம் கிடந்தாலே சுருண்டுவிடும். எடுத்ததும் தண்ணீர்த் தட்டில் போட்டுவிடு.

வேரைச் சுற்றியுள்ள ஜெல்லில் சர்க்கரை உண்டு. அது தொட்டிக்குள் போனால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வழவழப்பு போகும்வரை அலசு. நுனிவேர் அறுந்தால் கவலையில்லை.

வென்டியை ஐந்தாறு கொத்தாகப் பிரித்து, 3 செ.மீ. இடைவெளியில் நீள இடுக்கியால் ஊன்று. வேர் முழுக்க உள்ளே, குருத்து வெளியே. வெறும் மணல்தான் என்றால் பக்கத்தில் ஒரு உர மாத்திரையும் புதைத்துவிடு. மற்ற இரண்டையும் மண்ணில் நடவே கூடாது. இலையும் வேரும் கிளம்பும் தடித்த மட்டத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டு, அல்லது ஜெல் வடிவ சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்து ஒட்டு.

இனிதான் பலரும் பயந்துபோகும் கட்டம். ஒன்றிரண்டு வாரத்தில் இலைகள், முக்கியமாக வென்டியின் இலைகள், கண்ணாடிபோல் ஆகிக் கரையலாம். காற்றில், சர்க்கரை ஊட்டத்தில் உருவான இலை தண்ணீருக்கடியில் அதிக நாள் பயன்படாது. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கென்றே புது இலை விடும். செத்துவிட்டதென்று பிடுங்காதே, இடமும் மாற்றாதே. கரைந்த இலையை மட்டும் வெட்டி எடு. அனுபியாஸின் தண்டை விரலால் அழுத்திப் பார்: கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழத்து நாறினால் அந்தப் பகுதியை வெட்டிவிடு.

செடி வாடுகிறதே என்று விளக்கு நேரத்தைக் கூட்டுவதுதான் பெரிய தப்பு. வேர் பிடிக்காத செடி சத்தை இழுக்காது, பாசி இழுத்துக்கொள்ளும். முதல் மூன்று வாரம் ஆறு மணி நேரம் போதும், பிறகு மெதுவாக எட்டுக்குப் போ. தண்ணீர் 24 முதல் 26 டிகிரி. முதல் இரு வாரம், வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. பழுப்புப் படலம் வந்தால் துடைத்துவிடு, புதுத் தொட்டியில் சகஜம். திரவ உரம் புது இலை வந்த பின்தான், அதுவும் பாதி அளவு. 'திரவ கார்பன்' என்று விற்பதை இப்போது தொடவே வேண்டாம், இளஞ்செடியைக் கருக்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நட முடியாவிட்டால், மூடிய டப்பாவை வெயில் நேராகப் படாத, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் சில நாள் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் வேண்டாம். ஜெல்லில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிற டப்பா இருந்தால் அதை முதலில் அலசி நட்டுவிடு.

அன்புடன்,
அப்பா