இருமலோடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்: கொரில்லாக் காடுகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைக் கொரில்லாக்கள் வாழும் ருவாண்டா, உகாண்டா, காங்கோ காடுகளின் அதிகாரிகளுக்கும், அங்கே பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் ஒரு காணொளி பார்த்தேன். எந்தக் காடு, எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட ஒரு பயணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு கொரில்லாக் குட்டி வந்து அவருடைய ஷூ கயிற்றை இழுத்துப் பார்க்கிறது, பிறகு தன் விரலை வாயில் வைக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது கொரோனாவுக்கு முன்பே உங்கள் விதிதான். 2013 முதல் 2019 வரை பயணிகள் இன்ஸ்டாகிராமில் போட்ட 858 படங்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, 86 சதவீதத்தில் 4 மீட்டர் இடைவெளிகூட இல்லை. விதி பலகையில் இருக்கிறது, காட்டுக்குள் இல்லை.

2009இல் ருவாண்டாவின் ஹிர்வா என்ற கொரில்லாக் குடும்பத்துக்கு நேர்ந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாமே இருமின, மூக்கு ஒழுகின, சோர்ந்து கிடந்தன. ஒரு பெண் கொரில்லாவும், பிறந்து சில நாளே ஆன ஒரு குட்டியும் இறந்தன. பரிசோதனையில் தெரியவந்தது மனித மெட்டாநியூமோவைரஸ். நம்மில் பெரும்பாலோருக்கு அது வெறும் சளி. அந்த உடம்புகளுக்கு அது புதிது. மருத்துவர்கள் தூரத்திலிருந்து ஊசி எய்து ஆன்டிபயாடிக் கொடுக்கலாம். அது பின்னால் வரும் நிமோனியாவுக்குத்தான் உதவும், வைரஸை ஒன்றும் செய்யாது. தனிமைப்படுத்தவும் வழியில்லை. பகலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஓய்வெடுக்கும், இரவில் தாயும் குட்டியும் ஒரே கூட்டில் படுக்கும். ஒரு தாய் அடுத்த குட்டியை ஈனச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆகும். 2019இல் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி உலகம் முழுக்கவே மலைக் கொரில்லாக்கள் 1,063தான்.

ஆகவே முதலும் முடிவுமாக என் கோரிக்கை இது: உடம்பு சரியில்லாத எவரையும் காட்டுக்குள் விடாதீர்கள்.

சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. வேட்டைக்காரர்களிடமிருந்து இந்த விலங்குகளைக் காப்பாற்றியதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ருவாண்டாவில் ஒரு வெளிநாட்டவருக்கான அனுமதிச் சீட்டு 1,500 டாலர். அவ்வளவு கட்டி, கடல் கடந்து வந்தவர், காலையில் தொண்டை கரகரத்தால் வாய் திறப்பாரா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறுவார். நோயை ஒளித்தால் லாபம், சொன்னால் நட்டம் என்ற நிலை இருக்கும்வரை எந்த விதியும் நிற்காது. உண்மையைச் சொல்பவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கட்டும், அல்லது வேறு தேதி கிடைக்கட்டும்.

காட்டிலிருந்து நமக்கு என்ன நோய் வரும் என்று கேட்கவே நாம் பழகியிருக்கிறோம். நம்மிடமிருந்து போவதை யார் கேட்கிறார்கள்? ஐவரி கோஸ்ட்டின் தாயி (Taï) தேசியப் பூங்காவில் 1999 முதல் 2006 வரை சிம்பன்சிகளைக் கொன்ற சுவாச நோய்களில் மனித வைரஸ்களே கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை நேசித்து ஆராய வந்தவர்கள் வழியாகவே அவை போயிருக்கலாம். அமெரிக்காவின் அயோவாவில் 2020 நவம்பர் கடைசியிலிருந்து 2021 ஜனவரி வரை சோதித்த மான்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கொரோனா இருந்தது. மான் எந்த விமானத்தில் ஏறியது? கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

மறுபடியும் கேட்கிறேன். உடம்பு சரியில்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள். முகக்கவசத்தைக் கொரோனாவோடு முடிந்துபோன சடங்காக விட்டுவிடாதீர்கள். குட்டி தானாக நெருங்கி வந்தாலும் பயணியைப் பின்னால் நகர்த்தும் அதிகாரத்தை வழிகாட்டிக்குக் கொடுங்கள். டிப்ஸ் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லாதபடி சம்பளத்தையும் கொடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரியை, அடுத்த பருவத்துக்கான சீட்டு விற்பனை தொடங்கும் முன் சீட்டிலேயே அச்சிட்டுவிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காடுகளின்மேல் அக்கறையுள்ள ஒருவர்