முரசு நோயும் பதுங்குகுழியும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் மகன்தான் போன மாதம் எங்களைப் பயமுறுத்திவிட்டான். ஏ.எல். பரீட்சை நெருங்க நெருங்க இரவிரவாய்ப் படிப்பு, பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு, பல் தீட்டவும் நேரமில்லையாம். ஒருநாள் காலை பல் முரசு, அதாவது ஈறு, வீங்கி இரத்தம் கசிந்தது. பாண்கூடக் கடிக்க முடியவில்லை. பற்களுக்கு இடையில் கூராக நிற்கும் சதை அரித்துப்போய், மேலே சாம்பல் நிறப் படை. நாற்றத்தைச் சொல்லி வேலையில்லை, பெற்ற தாயே முகத்தைத் திருப்பினாள்.

பல் டொக்டர் பார்த்ததும் 'ட்ரெஞ்ச் மௌத்', அதாவது 'பதுங்குகுழி வாய்' என்றார். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு நிறைய வந்ததால் அந்தப் பேராம். 1890களிலேயே வின்சென்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்த நோயின் கிருமிகளைப் பற்றி எழுதியிருந்தார், அவர் பேராலும் சொல்வதுண்டு. ஆனால் சனத்தின் வாயில் நின்றது குழியின் பேர்தான்.

எனக்கென்றால் அந்தப் பேர் குழிக்குச் செய்த அநியாயம். நாமும்தான் சண்டைக்காலத்தில் பங்கருக்குள் கிடந்தோம், மண் யாருடைய முரசையும் தின்னவில்லை. கிருமிகள் எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருப்பவைதான். நித்திரையில்லை, பயம், நல்ல சாப்பாடில்லை, ஓயாத சிகரட், தீட்டாத பல் என்று உடம்பு ஓய்ந்துபோகும்போது அவை பெருகிவிடும். சிப்பாய்க்கு ஷெல் என்றால் நம் பெடியனுக்குப் பரீட்சை.

ஒட்டுநோய் என்றுதான் முன்பு நெடுங்காலம் நம்பினார்களாம். அக்காவும் அவன் கோப்பையைத் தனியே ஒதுக்கிவைத்திருந்தாள். டொக்டர் சிரித்துவிட்டு, தேவையில்லை என்றார். விறைப்பு ஊசி போட்டு, படையையும் ஊத்தையையும் மெதுவாகச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் குளிசையும் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடினும் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் நோ அடங்கியது. அரித்துப்போன சதை மட்டும் பழையபடி முழுதாய் வளருமென்று சொல்ல முடியாதாம்.

சரி, நீ சிகரட்டை விட்டாயா? உன் முரசிலும் இரத்தம் வருகிறது என்று எழுதியிருந்தாய், வேப்பங்குச்சியோடு நிற்காமல் ஒருவரிடம் காட்டு. பொங்கலுக்கு வருவதென்றால் முன்கூட்டியே அறிவி, மேல் அறையைக் கூட்டி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்