சன்ஸ்கிரீன் பற்றி மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

சன்ஸ்கிரீன் பூசி உன் மருமகளுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது என்றும், விலங்குகளில் சோதிக்காததை எப்படி நம்புவது என்றும் கேட்டிருந்தாய். இத்தனை வருஷம் ஆய்வகத்தில் இருந்தவளிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முன்பெல்லாம் கினிப்பன்றியின் தோலில் மருந்தை ஏற்றி, சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் சுண்டெலியின் காதில் தடவி, அதைக் கொன்று நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. இனி அதெல்லாம் வேண்டியதில்லை என்று நான் மனதார நம்புகிறேன். ஒவ்வாமை ஒரேயடியாக வருவதில்லை, படிப்படியாக வருகிறது. அந்தப் படிகளைத் தனித்தனியாகச் சோதிக்கலாம். முதலில், வேதிப்பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சிஸ்டீன், லைசீன் என்ற அமினோ அமிலங்கள் உள்ள சிறு பெப்டைடுகளோடு, அதாவது புரதத் துண்டுகளோடு, அதை 24 மணி நேரம் கலந்து வைத்து, பெப்டைடு எவ்வளவு மிஞ்சியது என்று அளக்கிறோம். அடுத்து, தோல் செல்கள் ஆபத்தை உணர்ந்தால் ஒளிரும்படி மின்மினியின் மரபணுவைச் சேர்த்து வைத்திருப்பார்கள். எவ்வளவு ஒளி என்பதுதான் விடை. மூன்றாவது, நோயெதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவெடுக்கலாம் என்று பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2021-இல் வழிகாட்டியே வெளியிட்டுவிட்டது.

ஆனால் சன்ஸ்கிரீன் சுலபமான ஆள் இல்லை. புற ஊதா ஒளியைத் தடுக்க அதில் சேர்க்கும் ஆக்டோகிரைலீன் போன்றவை எண்ணெயில்தான் கரையும், செல்கள் வாழ்வதோ நீரில். சரியாகக் கரையாமல் செல்லைத் தொடாமலே ‘பாதகமில்லை’ என்று விடை வந்துவிடலாம். எண்ணெய்ப் பொருளுக்கு அப்படி வரும் விடையை நான் உடனே ஏற்கமாட்டேன். இன்னொன்று வெயில். இருட்டில் சாதுவாக இருக்கும் பொருள், புற ஊதா ஒளி பட்டதும் ஒவ்வாமை தரக்கூடும். ஒரே செல்லை வெளிச்சத்திலும் இருட்டிலும் வைத்து ஒப்பிடும் சோதனை உண்டு. அது வெளிச்சத்தில் பொருள் செல்லுக்கு நஞ்சாவதைச் சொல்லும், ஒவ்வாமையைச் சொல்லாது. இந்த இடத்தில்தான் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

மருமகளைத் தோல் மருத்துவரிடம் அனுப்பு. முதுகில் ஒரே பொருளை இரண்டு இடங்களில் ஒட்டி, ஒன்றின் மேல் மட்டும் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். டியூபைக் கையோடு கொண்டுபோகச் சொல். எப்போதாவது வலிக்குக் கீட்டோபுரோஃபென் ஜெல் தடவியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லட்டும். அந்த ஜெல்லால் வெயில் ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஆக்டோகிரைலீனும் ஒத்துக்கொள்ளாமல் போவது அடிக்கடி நடக்கிறது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
சாந்தி