கொடியேற்ற நாளில் அம்மாவுக்கு

மரியே வாழ்க

கெரட்சினி, பிரேயஸ், கிரீஸ்
26.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கொடுத்துவிட்ட பையும் கடிதமும் ஜூன் முதல் வாரமே கைக்கு வந்துவிட்டன. மேலூர் அண்ணனுக்குக் கப்பலிலிருந்து கரைக்கு வரக் கிடைத்ததே மூன்று மணி நேரம்தான். அதில் ஒரு மணி நேரத்தை எங்களுக்காக வைத்து, பையை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தந்தார். ஒரு வாய் சாப்பிடச் சொன்னேன், உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடிவிட்டார். அவர் வீட்டுக்கு ஒரு நடை போய், அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடு. கொஞ்சம் மெலிந்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டாம்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு என்னை மன்னித்துக்கொள். அதான் போனில் பேசுகிறோமே என்கிறார் உன் மருமகன். போனில் பேசுவது பேச்சா அம்மா? நீ ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுவாய், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள், சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கோம் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். நீ கைப்பட எழுதிய நாலு பக்கத்தையும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்று அங்கே தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் கொடியேற்றம். காலையில் கண் விழித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நெத்திலிக் கருவாடு ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. அதை வறுத்த அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு யாயா கதவைத் தட்டினார். யாயா என்றால் இங்கே பாட்டி. வாடைக்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று பயந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, என்ன மீன் என்று கேட்டார். தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துத் தலையோடு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். காவ்ரோஸ் என்றார். நெத்திலிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டில் பாதியை முடித்தார். சின்ன வயதில் அவர் வீட்டிலும் மீனுக்கு உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பார்களாம். மறுநாள் ஒரு கிண்ணம் கீரையோடு வந்தார். வ்லீத்தா என்று இங்கே வாரச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், நம்ம முளைக்கீரை ஜாதிதான். வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றி அப்படியே சாப்பிடுகிறார்கள். நான் பூண்டு, மிளகாய் வற்றல் போட்டுக் கடைந்து கொடுத்தேன். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் கிண்ணத்தை வழித்துவிட்டார்.

பாப்பாவை யாராவது அழகு என்று சொல்லிவிட்டால் போதும், யாயா உடனே மூன்று தடவை துப்புகிற மாதிரி செய்வார், கண் படக்கூடாது என்று. மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஆலிவ் எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, வாய்க்குள் ஜெபம் சொன்னார். எண்ணெய் மிதக்காமல் பரவிப் போனால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். நம்ம பாட்டி இங்கே இருந்தால் இரண்டு பேரும் பாஷையே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட்டில் இந்த ஊரே காலியாகிவிடும். கடைகளைப் பூட்டி, கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு எல்லாரும் அவரவர் தீவுக்கோ கிராமத்துக்கோ கிளம்பிவிடுவார்கள். பேராமாவில் உன் மருமகன் வேலை செய்கிற பட்டறையும் 15-ஆம் தேதியை ஒட்டி இரண்டு வாரம் மூடுகிறார்கள். நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகிறது, ஒரு தீவைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தீவுகளுக்குப் போகிற கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. பாப்பா ஒவ்வொன்றாகக் கைகாட்டி, இது எங்கே போகிறது, அது எங்கே போகிறது என்று கேட்கிறாள். இந்த வருஷம் அவளைக் கூட்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டோம். சாண்டோரினியா, நாக்சோஸா என்று பத்து நாளாக வீட்டில் இதே பேச்சு.

எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துப் போட்டோவை எடுத்துப் பார். ஸ்டூடியோவில் எங்களுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும், வெள்ளைச் சுவர், நீல மாடம், கீழே கடல். அது சாண்டோரினி என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே உன் மருமகன் சொல்லிவிட்டார், ஒருநாள் உன்னை அந்தத் திரைக்குள்ளேயே நிறுத்திப் போட்டோ எடுப்பேன் என்று. அதனால் அவர் மனசு முழுக்க அங்கேதான். எனக்கும் ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தத் தீவே ஒரு எரிமலையின் வாய் அம்மா. சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது, மிச்சமிருக்கிற விளிம்பில்தான் வீடுகளை ஒட்டவைத்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். அக்ரோத்திரி என்று ஒரு ஊர் முழுதாகச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்தபோது சுவர்ச் சித்திரமெல்லாம் நிறம் போகாமல் இருந்தனவாம். அதில் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். ஒரு பையன் இரண்டு கையிலும் மீன்கோவை பிடித்துக்கொண்டு நிற்கிறான். திரேஸ்புரம் கரையில் காலையில் நிற்கிற பையன்கள் மாதிரியே இருந்தான். ஃபாவா என்று அங்கே விளைகிற ஒரு பருப்பும் உண்டு. மசித்து வெங்காயம் போட்டுத் தருவார்கள், வாயில் வைத்தால் நீ கடைகிற பருப்பு மாதிரியே இருக்கும்.

ஆனால் நிலநடுக்கச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு பிப்ரவரியில் நீ பதறிப் போய் போன் செய்தாயே, அது அந்தத் தீவுக் கடலில்தான். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பத்தாயிரம் பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேறினார்கள். இப்போது எல்லாம் அடங்கி, கூட்டம் பழையபடி வந்துவிட்டது. கப்பலில் போக எட்டு மணி நேரம் ஆகும். கறுப்பு மணல், பகலில் கால் வைக்க முடியாதாம். அறை வாடகையும் ஆகஸ்ட்டில் கூடுதல். வாடகை ஒரு காரணமே இல்லை, நீ அப்படி நினைத்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு வசதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாக்சோஸுக்கு ஐந்து மணி நேரம் போதும். அந்தத் தீவுக்கூட்டத்திலேயே பெரியது. மேற்குப் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் வெள்ளை மணல், ஆழமில்லாத கடல். ஜியஸ் என்கிற பழைய கிரேக்கக் கடவுள் பெயரில் ஆயிரம் மீட்டர் உயர மலை இருக்கிறது. உருளைக்கிழங்குக்குப் பேர் போன ஊர், மாடு வளர்க்கிறார்கள், அந்தப் பாலில் செய்கிற சீஸைத்தான் பாப்பா இங்கே ரொட்டியில் வைத்துச் சாப்பிடுகிறாள். நார்த்தங்காய் மாதிரி ஒரு காய் விளைகிறது, ஊறுகாய் போடத் தெரியாமல் அதன் இலையில் மது இறக்குகிறார்கள். நம்ம ஆடிக்காற்று இங்கேயும் உண்டு, மெல்டெமி என்று பெயர். அது பலமாக அடித்தால் கப்பலே விடமாட்டார்கள். அதற்கு மட்டும் வேண்டிக்கொள்.

யாயா பிறந்தது அந்தத் தீவில்தான், மலைமேல் அபிரந்தோஸ் என்கிற ஊரில். நாங்கள் இரண்டு மனதாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து அவர் வீட்டுக்குள் கூட்டிப் போனார். மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பு, உள்ளங்கை அளவுதான், ஆனால் அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை, கை அப்படியே கீழே போனது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது. அப்பாவிடம் சொல், அது எமரி. லேத்தில் ஷாஃப்டைக் கடைந்து முடித்ததும் அப்பா எமரி பேப்பரைச் சுற்றிப் பிடிப்பாரே, அந்த எமரிக்குப் பிறந்த வீடு இந்தத் தீவுதான். பழங்காலத்திலிருந்தே இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நம்ம குருந்தக்கல்லைத்தான் இங்கிலீஷ்காரன் கொரண்டம் என்கிறான் என்று அப்பா அடிக்கடி சொல்வாரே, எமரிக்குள் இருக்கிற உரமும் அதுதானாம். யாயாவின் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். மலையிலிருந்து மூட்சூனா துறை வரைக்கும் கம்பிவடத்தில் தொட்டி தொட்டியாகக் கல் இறங்குமாம், அந்த இரும்புத் தூண்கள் இன்னும் நிற்கின்றன என்றார். அப்பாவுக்காக ஒரு சின்னத் துண்டு கேட்டிருக்கிறேன். ஊரில் தங்கை வீடு பூட்டித்தான் கிடக்கிறது, சாவி தருகிறேன், அறை எடுக்காதே என்று சொல்லிவிட்டார்.

நான் நாக்சோஸ் என்று முடிவு செய்தது இதற்காக மட்டுமில்லை. 15-ஆம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாளை இவர்கள் நம்மைவிடப் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் ஆட்கள், ஆனாலும் மாதா மேல் அத்தனை பக்தி. 1-ஆம் தேதியிலிருந்து தவக்காலம் மாதிரி இறைச்சியைத் தொடமாட்டார்கள். அபிரந்தோஸுக்குப் பக்கத்திலேயே ஃபிலோத்தி என்று ஒரு ஊர், அங்கே மாதா கோவில் திருவிழா அன்றைக்குத்தான். பூசை முடிந்ததும் தெருவெல்லாம் மேசை போட்டுச் சாப்பாடு, வயலின் வாசிப்பு, விடிய விடிய ஆட்டம் என்கிறார் யாயா. கீழே துறைமுகத்து ஊரின் கோட்டைக்குள் வெனிஸ்காரர்கள் காலத்துக் கத்தோலிக்கக் கோவிலும் இருக்கிறது, திரும்பும்போது அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன்.

நேற்று ராத்திரி பாப்பாவுக்குத் திருவிழாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேர் என்றால் என்ன என்று கேட்டாள். கிரேக்கத்தில் அதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் பிடிபடவில்லை. 2023-ல் தங்கத்தேர் ஓடியபோது போனில் காட்டினாயே, அதைத் தேடினேன், அந்தப் போன் எப்போதோ உடைந்துவிட்டது. பேசாமல் தூங்கு என்று அவளை அதட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அம்மா, கொடி ஏறும்போது புறா விடுவார்களே, சங்கு ஊதுவார்களே, அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வாரே, அதையெல்லாம் அவளுக்கு யார் காட்டுவார்கள்? அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. மக்ரூனைப் பொட்டலத்தோடு நெஞ்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருகிற அந்த ஒரு சாயங்காலம் எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும். வேறு எந்தத் தீவும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நீ அழாதே. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நாற்பது டிகிரி வெயில் என்பதால் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வெளிவேலை கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது, அவருக்கு அந்த மட்டும் ஓய்வு. நீ கேட்ட இனிகோ நகர் அக்கா குடும்பம் ஜெர்மனிக்கு மாறிப் போய்விட்டது. பரவாயில்லை, யாயா இருக்கிறார்.

அப்புறம், அப்பாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதே. திருவிழா முடிந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் தேதி வாங்கிவிடு. அடுத்த மாதப் பணம் மட்டும் 10-ஆம் தேதிக்குப் பதில் மாதக் கடைசியில் வரும். இங்கே ஆகஸ்ட்டில் ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கும், அதனால்தான். சீட்டுப் பணத்தை அதுவரை அத்தையிடம் வாங்கிக் கட்டிவிடு, நான் அவர்களிடம் போனில் சொல்லிவிடுகிறேன். என் வளையலை இப்போதைக்கு மீட்க வேண்டாம், பாங்கிலேயே பத்திரமாக இருக்கட்டும். வட்டி மட்டும் தவறாமல் கட்டு.

தம்பிக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டார் மாடி எப்போது முடியும் என்று கேட்டதாக எழுதியிருந்தாய். கல்யாணத்தையும் மாடியையும் ஒன்றாகப் பேச வேண்டாம் என்று சித்தப்பாவை விட்டே சொல்லச் சொல். நாக்சோஸ் துறைமுகத்தில் இறங்கும்போதே கடலோரத் திட்டில் ஒரு பளிங்கு வாசல் தெரியுமாம். 2,500 வருஷத்துக்கு முன்னால் அப்பல்லோவுக்குக் கோவில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டது, வாசல்நிலை மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம்ம மொட்டை மாடியில் நிறுத்திய நிலைதான் கண்ணில் நிற்கிறது. அது பளிங்கு இல்லை, தேக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் தம்பியை விட்டு அதற்கு இரண்டு கை எண்ணெய் அடித்து, தார்ப்பாய் சுற்றிக் கட்டி வைக்கச் சொல். நான் வந்து கதவு போடுகிறேன்.

அப்பாவுக்கும் பாட்டிக்கும் என் முத்தங்கள். 5-ஆம் தேதி சப்பரம் நம்ம தெருவுக்கு வரும்போது பாப்பா பெயரைச் சொல்லி ஒரு மாலை போடு.

உன் மகள்