‘சென்ற மாதம் பாதியாகக் குறைந்தன’ என்ற வரி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘போதை மருந்துச் சாவுகள் சென்ற மாதம் பாதியாகக் குறைந்தன’ என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. சென்ற மாதக் கணக்கு எப்போதுமே குறைவாகத்தான் தெரியும்; இது தாங்கள் அறியாததல்ல. பிரேதப் பரிசோதனை முடிந்து, ரத்தமும் உள்ளுறுப்பு மாதிரிகளும் ஆய்வகத்துக்குப் போய், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். சில நேரம் மாதக்கணக்கு. அதுவரை அந்தச் சாவு ‘காரணம் நிலுவை’ என்றே கிடக்கும். முடிவுகள் வர வர அதே மாதத்தின் எண் ஏறும். அப்படி ஏறியதை நீங்கள் ஒருமுறையும் செய்தியாக்கவில்லை. ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) போதையில் அடங்கும் மூச்சை மீட்கும் மருந்தான நலோக்சோனின் கொள்முதலைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

சாவுக் கணக்குக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதால்தான் ஆம்புலன்ஸ் தாள்களைத் தினமும் புரட்டுகிறோம். மேலே ‘மயக்கம்’ என்று மட்டும் இருக்கும். கீழே ‘மூச்சு நிமிடத்துக்கு 4, கண்மணி ஊசிமுனை அளவு, நலோக்சோன் கொடுத்ததும் மூச்சு வந்தது’ என்றிருந்தால் அது ஓபியாய்டு. ஒரே வட்டாரத்தில் இரண்டாம், மூன்றாம் டோஸ் தேவைப்படுவது கூடினால், ஃபென்டனில் போல வீரியமான சரக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு திரும்பியும் ஆள் விழிக்காவிட்டால் கால்நடைகளுக்கான மயக்க மருந்தான சைலசினோ தூக்க மாத்திரையோ கலந்திருக்கலாம். அவற்றை நலோக்சோன் முறிக்காது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நலோக்சோனின் வேலையும் 30 முதல் 90 நிமிடம்தான், பிறகு மூச்சு மறுபடி அடங்கலாம். இதையெல்லாம் அந்த வாரமே அந்த வட்டாரத்துக்குச் சொன்னால்தான் பயன்.

முன்பு ஒரு சாவில் ‘சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியாய்டு இல்லை’ என்று எழுதினீர்கள். சாதாரணப் பரிசோதனைப் பட்டை மார்ஃபின் வகையைப் பிடிக்கும். அவையும் ஓபியாய்டுகளே என்றாலும் ஃபென்டனிலையும், டிராமடால் என்னும் வலி மருந்தையும் பிடிக்காது. பிடிபட்ட சரக்கின் எடையை வைத்து ‘போதைப் பழக்கம் பெருகியது’ என்றீர்கள். அந்த எடை கூடுவது போலீஸ் சோதனைகள் கூடியதாலும் இருக்கலாம். வரைபடத்தில் தெருவின் பெயரோடு சிவப்புப் புள்ளி வைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு சாவு நடந்த தெருவில் எந்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடாதா? அடுத்த முறை அங்கே யார் துணிந்து ஆம்புலன்ஸை அழைப்பார்கள்?

கேட்பது சிறிய விஷயம். இனி வரைபடம் போடும்போது கடைசி சில மாதங்களைச் சாம்பல் நிறத்தில் காட்டி, ‘முடிவு நிலுவையில் உள்ளவை இத்தனை’ என்று அடியில் ஒரு வரி சேருங்கள். அந்த எண்ணைக் கேட்டால் சுகாதாரத் துறையில் தருவார்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரக் கண்காணிப்புப் பணியாளர்